மரியநாயகி ஏறுகிற இடம்

“பிணம் எங்கையடா? எனக்குக் காட்டு. பிணம் எங்கை?”

“நான் பிணத்தைக் கண்டனான் எண்டு சொன்னனானே, சம்மாட்டியார்? பசாம் கேட்டது. பசாம் பாட்டுக் கேட்டால் கயிறு விட வேணும். விட்டனான்.”

“விட்டவராம்! வந்த பாரை மீன் முழுக்கக் கடலுக்கு விட்டவராம்! உன்ரை காதை அறுத்துக்கொண்டுபோய் மூப்பரிட்டைக் குடு. கோவில் மணியோடை சேத்துத் தொங்கவிடட்டும்.”

“என்ரை காதிலை பிழை இல்லை. பாடின வாயைப் போய்க் கேளும்.”

கரையில் போட்ட வாடிக் கொட்டிலுக்கு வெளியே, தென்னோலைக் கிடுகு மறைப்புக்குப் பின்னால், அந்தப் பாடின வாய் மூடிக்கொண்டிருந்தது. சந்தியோகு ஈரக் கயிற்றில் ஒட்டியிருந்த பாசியை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்களுக்கு அவர் அங்கே இருப்பது தெரியாது. எழுந்து போனால் நிழல் வாடி வாசலில் விழும். அதனால் அப்படியே இருந்தார்.

“துக்கம் எல்லாருக்கும்தான் வரும்,” என்றார் உள்ளே தம்பிராசா சம்மாட்டி. வலையும் வள்ளமும் அவருடையவை. “என்ரை தாய் செத்த மாசமும் நான் வலை விட்டனான். துக்கத்தைக் கொண்டுவந்து கயித்திலை கட்டுறதோ?”

“அதை அவனிட்டைச் சொல்லும்.”

“நான் சொன்னால் அவன் அழுதுபோடுவான். நீ சொல்லு.”

“நான் சொன்னால் நான் அழுதுபோடுவன்.”

யாரோ சிரித்தார்கள். சம்மாட்டியும் கோபத்தோடேயே சிரித்துவிட்டார். சிரித்தபிறகு குரலைத் தாழ்த்தி, “இனி அவன் பாடக்கூடாது, சின்னக்குட்டி. கயிறு இழுக்கட்டும். வாயைத் திறக்கக்கூடாது,” என்றார்.

சந்தியோகு பாசி வழிப்பதை நிறுத்தினார்.

இது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நெடுந்தீவின் தெற்குக் கரையில் ஒரு தை மாதம் நடந்தது. வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் தெற்குக் கரை அடங்கிக் கிடக்கும். அப்போதுதான் அங்கே கரைவலை போடுவார்கள். வள்ளம் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு நுனியிலும் நீளமான கயிறு. கிழக்குக் கயிற்றை ஒரு கூட்டம் இழுக்கும், மேற்குக் கயிற்றை இன்னொரு கூட்டம் இழுக்கும். இரண்டும் ஒரே சீராக வரவேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வலை கோணிப் போகும், மீன் வெளியே போய்விடும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நல்ல தூரம். கத்திச் சொன்னால் காற்று கொண்டுபோய்விடும். பாடினால் கேட்கும். அதற்குத்தான் அம்பாப் பாட்டு. மேற்குக் கயிற்றிலிருந்து ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, இரண்டு பக்கமும் ‘ஏலேலோ’ என்று சொல்லிக் காலை ஊன்றிச் சாய்வார்கள். எடுத்துக் கொடுக்கிறவர் சந்தியோகு. கிழக்குக் கயிற்றின் முதல் ஆள் சின்னக்குட்டி.

அந்தக் கரையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கடலில் போனவர்களுடைய உடல் எப்போதாவது வலையில் ஏறும். மனிசனை மீனைப் போல இழுத்துக்கொண்டு வரக்கூடாது. அதனால் உடலைக் கண்டவர் அம்பாவை விட்டுவிட்டு, பெரிய வெள்ளிக்கிழமை கோவிலில் பாடுகிற பசாமில் ஓரடி பாடுவார். ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லி அழுகிற பாட்டு அது. அது காதில் விழுந்தவுடனே மற்றப் பக்கத்தார் கயிற்றை மணலில் போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நிற்கவேண்டும். நாலு பேர் தண்ணீரில் இறங்கி உடலைக் கையில் ஏந்தி வருவார்கள்.

அன்று காலை கடலில் பாரை கறுப்பாகக் கிடந்தது. அந்தப் பருவம் முழுக்க அப்படி ஒரு கூட்டம் வரவில்லை. வலை பாதி வந்துவிட்டது. அப்போது சந்தியோகு, தான் என்ன பாடுகிறோம் என்று தெரியாமலே, அம்பாவிலிருந்து பசாமுக்கு வழுக்கிவிட்டார். கிழக்குப் பக்கத்தில் சின்னக்குட்டி கயிற்றைப் போட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் போட்டார்கள். வலை ஒரு பக்கம் சரிந்தது. பாரை வந்த வழியே போனது. கிழக்குக் கயிற்றுக்காரர் எல்லாரும் வெறுந்தலையோடு நின்று, இல்லாத பிணத்துக்குச் சிலுவை அடையாளம் போட்டார்கள்.

அவர் ஏன் அப்படிப் பாடினார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

அவருடைய மனைவி மரியநாயகி ஆவணியில் காய்ச்சலில் செத்துப்போனாள். பிள்ளைகள் இல்லை. அவள் பாட்டுக்காரி என்று பெயர் எடுத்தவள் இல்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின தவசு காலத்தில் கோவிலில் பெண்கள் பக்கம் நின்று எல்லாரோடும் சேர்ந்து பசாம் பாடுவாள். அவ்வளவுதான். ஆனால் அவளிடம் ஒரு பிழை இருந்தது. பசாமில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் பாட்டு இறங்கும். எல்லாரும் இறங்குவார்கள். மரியநாயகி மட்டும் அந்த இடத்தில் ஏறிவிடுவாள். ஏறி, கொஞ்ச நேரம் தனியே மேலே நின்று, பிறகு அவசர அவசரமாக இறங்கி மற்றவர்களைப் பிடிப்பாள். கோவில் காரியம் பார்க்கிற மூப்பர் திரும்பிப் பார்ப்பார். பெண்கள் முக்காட்டுக்குள்ளே சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தபிறகு சந்தியோகு கேட்பார்: “உனக்கு இறங்கத் தெரியாதோ?” அவள் சொல்லுவாள்: “அந்த இடத்திலை எனக்கு இறங்க மனம் வரேல்லை, நான் என்ன செய்ய?”

அவள் செத்து ஒரு மாதத்துக்குள்ளே சந்தியோகுக்கு ஒரு பயம் பிடித்தது. அவளுடைய முகம் நினைவில் இருந்தது, நடை இருந்தது. குரல் போய்விட்டது. அவள் சொன்ன பேச்செல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் எல்லாம் அவருடைய குரலிலேயே வந்தது. மூப்பரின் இருமல் ஞாபகம் வந்தது, சந்தியில் இலைக்கறி விற்கிறவளின் கூப்பாடு வந்தது. இவள் குரல் மட்டும் வரவில்லை. கோவிலில் முழங்காலில் நின்றாலும் மனம் செபத்தில் நிற்கவில்லை, சுவரில் வெள்ளை உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு கார்த்திகையில் வலை தொடங்கியது. கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து, மணலில் கால் புதைய, உடம்பு முழுக்க பாரம் ஏறுகிற நேரத்தில், ஒருநாள் அது வந்தது. தன் பாட்டுக்கு அடியிலே, கொஞ்சம் பிந்தி, மேலே ஏறிக்கொண்டு ஒரு பெண்குரல். அதே குரல். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாளும் வந்தது. கயிற்றுக்குப் பாரம் இருந்தால் வரும், அவர் பாடிக்கொண்டிருந்தால் வரும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வராது. அந்தத் தை மாதக் காலையில் பாரையின் பாரம் இருந்தது. அவள் தெளிவாக, பக்கத்தில் நிற்கிறவளைப் போல, பசாமைப் பாடினாள். அவரும் கூடப் பாடிவிட்டார்.

அடுத்த நாள் விடிய, சின்னக்குட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரிடம் வந்தார். வயதில் மூத்தவர், ஒல்லி மனிதர், வழக்கம் என்றால் ஓர் அங்குலம் விலகமாட்டார்.

“சந்தியோகு, சம்மாட்டியார் ஒரு கதை சொல்லச் சொன்னவர்…”

“கேட்டனான், அண்ணை.”

“எங்கை நிண்டு கேட்டனி?”

“மறைப்புக்குப் பின்னாலை.”

“அப்ப நான் சொல்லத் தேவையில்லை.” அவர் முகத்தில் பெரிய ஆறுதல் தெரிந்தது. போகப் புறப்பட்டவர் திரும்பி நின்றார். “நான் கயிறு விட்டது பிழையே?”

“இல்லை, அண்ணை. பசாம் கேட்டால் விடத்தானே வேணும்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். ஒருத்தனும் கேக்கிறானில்லை.”

பாட்டுக்கு எழுவைதீவிலிருந்து வந்து நின்ற இலட்சுமணனைப் போட்டார்கள். சைவக்காரன், இளந்தாரி, குரல் பறை போல. வந்த முதல் நாளே சம்மாட்டியின் வயிற்றைப் பாட்டாக்கினான்.

“சம்மாட்டியார் வயித்துக்குள்ளை — ஏலேலோ!
 சாய்ஞ்சு கிடக்குது சுறாமீனோ — ஏலேலோ!”

“டேய்! உன்னை நான் எழுவைதீவுக்கே நீந்தவிடுவன்!” என்று சம்மாட்டி கத்தினார். அதையும் அவன் அடுத்த அடியாக்கிவிட்டான். கயிறு பிடித்தவர்கள் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். முதுகு நோகிறதென்று ஒருவரும் சொல்லவில்லை. வலை நேராக வந்தது. நாளடைவில் கரையில் ஒரு கலகலப்பே வந்துவிட்டது. மீன் காயப்போட வருகிற பெண்கள்கூட இன்றைக்கு யாரைப் பாட்டுக்குள் இழுக்கப்போகிறான் என்று கேட்க நேரத்தோடே வந்தார்கள்.

சந்தியோகு மேற்குக் கயிற்றின் கடைசியில் நின்றார். வந்த கயிற்றைச் சுருட்டி வைப்பதும் அவர் வேலை. வாயைத் திறக்கவில்லை. ‘ஏலேலோ’ கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்கு அவருடைய கால் தானே ஊன்றியது. தோள் தானே சாய்ந்தது. ஒருநாள் சம்மாட்டியைப் பற்றிய ஓரடிக்கு உதடு தானே சிரித்தது. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. துக்கத்தில் இருக்கிறவனைக் கேட்காமலே அவன் உடம்பைச் சந்தோசப்படுத்துகிறது பாட்டு. வாடியில் எல்லாரும் ஒன்றாகக் கஞ்சி குடிக்கும்போது அவர் தன் சிரட்டையை எடுத்துக்கொண்டு கல்வேலிப் பக்கம் போய்விடுவார். வேலிக்கு அப்பால் தீவில் கட்டாமல் திரிகிற குதிரைகள் புல் தேடிக்கொண்டு நிற்கும். அவையும் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேயும்.

குரல் திரும்ப வரவில்லை. அவர் வீட்டில் பாடிப் பார்த்தார். அடியெடுத்துப் பாடினார், முடிவில் இறங்கினார். ஏறுகிற இடத்தை நினைத்துப் பார்த்தார். எவ்வளவு ஏறுவாள், எங்கே நிற்பாள், எப்படி இறங்குவாள்? தொண்டைக்கு அது தெரியவில்லை.

தவசு காலம் தொடங்கினபிறகு ஒருநாள் பின்னேரம் ஜசிந்தாவின் வீட்டுக்குப் போனார். ஜசிந்தா மரியநாயகியின் தங்கச்சி. குசினியில் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ அத்தான். கதிரையிலை இருங்கோ. இஞ்சை மிளகாய் கண்ணுக்கு எரியும்.”

“இருக்க வரேல்லை. ஒரு பாட்டுக் கேக்க வந்தனான்.”

“என்னட்டையோ?”

“பசாம். கொக்கா பாடுற மாதிரிப் பாடிக் காட்டு. அந்த ஏறுற இடம்.”

அவள் அரைப்பதை நிறுத்தினாள். கையைத் துடைத்துவிட்டுப் பாடினாள். நல்ல குரல், அக்காவைவிட நல்ல குரல். ஆனால் முடிவில் ஒழுங்காக இறங்கிவிட்டாள். மறுபடி பாடினாள். ஏறப் பார்த்தாள், குரல் இழுத்துக்கொண்டு போனது, கோணலாக நின்றது. இருவருக்கும் அது மரியநாயகி இல்லை என்று தெரிந்தது.

“அக்காவின்ரை பிழை எனக்கு வராது, அத்தான். நான் ஒழுங்காப் பாடப் பழகினனான்.”

“பிழையாப் பாடுறது இவ்வளவு கஷ்டமோ?”

“அவவுக்கு அது பிழையில்லைத்தானே. அதுதான் வந்தது.” அவள் மறுபடி குழவியைப் பிடித்தாள். இரண்டு தரம் அரைத்தபிறகு, அவரைப் பார்க்காமலே சொன்னாள்: “எனக்கு அவ இதிலைதான் வாறவ. அம்மியிலை. எப்பவும் இல்லை, சில வேளை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் போயிடும் எண்டு ஒரு பயம்.”

சந்தியோகு தனக்குக் கயிற்றில் வந்ததென்று சொல்லவில்லை. வாசலில் நின்று அவள் அரைக்கிற சத்தத்தைக் கொஞ்சம் கேட்டார். அவருக்கு அது வெறும் அம்மிச் சத்தமாகத்தான் கேட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குத் தீவில் ஒரு கத்தோலிக்கனும் வலையைத் தொடமாட்டான். வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்தன. ஊர்காவற்றுறையிலிருந்து பாதிரிச் சுவாமி வந்திருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு ஊர் முழுக்கக் கோவிலில் இருந்தது. மரித்த ஆண்டவரின் சுருவச் சிலையை ஆசந்தி என்கிற பாடையில் வைத்துத் தூக்குகிற ஆட்களில் சந்தியோகும் ஒருவர். ஆள் வரவில்லை. “போய்க் கூட்டிக்கொண்டு வாரும்,” என்று மூப்பர் சின்னக்குட்டியை அனுப்பினார்.

வீட்டில் ஆள் இல்லை. சின்னக்குட்டி கரைக்கு இறங்கினார். தூரத்திலேயே பசாம் கேட்டது. அவருடைய கை தானே தலைத்துண்டை அவிழ்த்தது. பிறகுதான் பார்த்தார்.

சந்தியோகு மேற்குக் கயிற்றின் ஒரு நுனியை வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் கட்டியிருந்தார். மற்ற நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து இழுத்தார். வள்ளம் அசையவில்லை. கயிறு விறைத்து நின்றது. அவர் பாடினார், நிறுத்தினார், காதைச் சாய்த்துக் கேட்டார், மறுபடி பாடினார். உள்ளங்கையில் தோல் கழன்றிருந்தது.

“சந்தியோகு! பெரிய வெள்ளிக்கிழமை கயிறு தொடுறதோ? உனக்கு விசரே?”

“வள்ளம் பிழை, அண்ணை.”

“என்ன பிழை?”

“அது வருகுதில்லை. வலை எண்டால் வரும். இழுக்க இழுக்க வரும், பிறகு பின்னுக்கு இழுக்கும். இது கல்லு மாதிரி நிக்குது. இதிலை அவள் வரமாட்டாள்.”

“ஆர் வரமாட்டாள்?”

அப்போதுதான் அவர் சொன்னார். முதல் தடவையாக ஒரு மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாரை போன அன்று காலையில் யார் பாடினது என்பதையும் சொன்னார். சின்னக்குட்டி தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கேட்டார். கோவில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு மணி அடிப்பதில்லை. கட்டை தட்டுகிற சத்தம்தான் வந்தது. நேரமாகிறது.

“அப்ப அண்டைக்கு என்ரை காதிலை பிழையில்லை,” என்றார் கடைசியில்.

“இல்லை, அண்ணை.”

சின்னக்குட்டி துண்டை வள்ளத்தின்மேல் போட்டார். சிலுவை அடையாளம் போட்டார். அணியத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, தன் இடுப்பைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, மணலில் இரண்டு காலையும் புதைத்துக்கொண்டார்.

“இழு. நான் வலை மாதிரி வாறன். கெதியா இழு, ஆண்டவர் அங்கை காத்துக்கொண்டிருக்கிறார்.”

சந்தியோகு இழுத்தார். சின்னக்குட்டி கொஞ்சம் வந்தார், பிறகு கடல் இழுப்பதைப் போலப் பின்னால் சாய்ந்தார். ஒரு வாழ்நாள் முழுக்கக் கயிறு பிடித்தவர், வலை எப்படி வரும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சந்தியோகு பாடினார். முதல் அடியில் ஒன்றுமில்லை. இரண்டாம் அடியில் ஒன்றுமில்லை. பிறகு, எல்லாரும் இறங்குகிற அந்த இடத்தில், அவருடைய குரல் இறங்க, இன்னொன்று இறங்காமல் மேலே போனது. போய் அங்கே தனியே நின்றது. அவர் அதற்குப் பின்னாலே தன் குரலை ஏற்றினார். இந்தத் தடவை தொண்டைக்கு வழி தெரிந்தது. அவள் நின்ற இடத்தில் நின்று, அவள் இறங்கியதைப் போல அவசரமாக இறங்கினார்.

மண்டியிட்டு நின்றும் வராத செபம் அன்றைக்கு நின்றபடியே வந்தது என்று பிறகு அவர் சொன்னாராம்.

இருவரும் கோவிலுக்கு ஓடினார்கள். சின்னக்குட்டியின் வேட்டியில் கயிற்றின் தாரும் மணலும் ஒட்டியிருந்தன. மூப்பர் பார்த்தார். சின்னக்குட்டி ஆசந்தியின் ஒரு கொம்புக்குத் தோள் கொடுத்தார்.

உயிர்த்த ஞாயிறான பாஸ்கு முடிந்து வலை மறுபடி தொடங்குவதற்கு முன்னால் சின்னக்குட்டி சந்தியோகின் வீட்டு வேலியில் வந்து நின்றார்.

“நான் யோசிச்சனான். அந்த ஏறுற இடம் இருக்கெல்லே, அது கயிறு இழுக்க வலு நல்ல இடம். எல்லா அம்பாவிலையும் முடியிற நேரம் ஆக்கள் மூச்சு விட்டிடுவாங்கள், கயிறு பின்னுக்குப் போகும். அந்த நேரம் பாட்டு ஏறினால் கை விடாது. பசாம் வேண்டாம். அந்த இடத்தை மட்டும் எடுத்து அம்பாவிலை வை. சம்மாட்டியாரோடை நான் கதைக்கிறன்.”

“அது அவளின்ரை, அண்ணை.”

“தெரியும். அதுதான் கேக்கிறன். தரமாட்டன் எண்டால் விடு. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் நான் வலையா வாறன், உயிர் இருக்குமட்டும்.”

சந்தியோகு இரண்டு நாள் யோசித்தார். கொடுத்தால் மறுபடி பாடலாம். கயிற்றின் கடைசியில் ஊமையாக நிற்க வேண்டியதில்லை. அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. முக்காட்டுக்குள்ளே சிரித்த ஊர் அது. அந்தப் பிழையையே ஊர் முழுக்கப் பாடட்டும். ஜசிந்தா சொன்ன பயமும் ஞாபகம் வந்தது. ஆனால் கொடுக்காமல் வைத்திருந்தால் கிடைக்கப்போவது வருசத்தில் ஒரு பின்னேரம். அவர் முன்பின் பாட்டுக் கட்டினவர் இல்லை. பழைய அடிகளைத்தான் எடுத்துக் கொடுப்பார். இப்போது அந்த ஏற்றத்தைச் சுற்றிச் சொல் தானாக வந்து நின்றது.

“இறங்கிப் போற கடலே கேள் — ஏலேலோ!
 ஏறி வாறாள் எங்கள் தாய் — ஏலேலோ!”

‘தாய்’ என்ற இடத்தில் பாட்டு ஏறியது.

சம்மாட்டி முதலில் சந்தேகத்தோடு காதைச் சாய்த்தார். “இதுக்குள்ளை பிணம் கிணம் இல்லைத்தானே?” என்று கேட்டார். “இல்லை, சம்மாட்டியார். ஒருத்தரும் சாகேல்லை,” என்றார் சின்னக்குட்டி. முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. மேற்கும் கிழக்கும் ஒரே மூச்சில் சாய்ந்தன. ஏறுகிற இடத்தில் எல்லாரும் ஏறினார்கள். இலட்சுமணன் எல்லாருக்கும் மேலே ஏறினான். சின்னக்குட்டியின் குரல் உடைந்த சட்டியைத் தட்டினதைப் போல அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இறுக்கமாக, நேராக, வலை வந்தது. சந்தியோகுக்கு நெஞ்சு நிறைந்து போனது. அன்றைக்கு வாடியில் எல்லாரோடும் இருந்து கஞ்சி குடித்தார்.

மீன் காயப்போட வந்த ஜசிந்தா ஓலைக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

“அது அக்காவின்ரை.”

“ஓம்.”

“எல்லாருக்கும் குடுத்திட்டியளோ?”

“ஓம், ஜசிந்தா.”

“என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாம், அத்தான்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அம்மியில் அவளுக்கு என்ன கேட்டதென்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அவர் பாடிப் பார்த்தார். தொண்டை சரியாக ஏறியது. அந்த இடத்தில் நிறுத்திக் காதைக் கொடுத்தார். கேட்டது. சின்னக்குட்டியின் உடைந்த குரல் கேட்டது. இலட்சுமணனின் பறைக்குரல் கேட்டது. கரை முழுக்க நின்று கத்தினவர்கள் எல்லாருடைய குரலும் கேட்டது. அவள் இல்லை.

அடுத்த நாள் கயிற்றில், பாரம் ஏறி, கால் புதைந்து, பாடிக்கொண்டிருக்கும்போது காத்திருந்தார். அங்கேயும் இல்லை. அவள் ஏறுகிற இடத்தில் இப்போது ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவள் வந்து நிற்க இடம் இல்லை.

அவர் பாடுவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் பல வாடைக்காற்றுக்கு அவர்தான் மேற்குக் கயிற்றில் அடியெடுத்துக் கொடுத்தார். வலை கோணியதில்லை. பெரிய வெள்ளிக்கிழமைகளில் சின்னக்குட்டி வேலியில் வந்து நின்று, “வலையா வரட்டோ?” என்று கேட்பார். “வேண்டாம், அண்ணை,” என்பார் சந்தியோகு. இருவரும் கோவிலுக்கு நடப்பார்கள்.

இதை எழுதி முடித்தபிறகும் எனக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை. அவர் அதைக் கொடுத்தது சரியா? கொடுக்காமல், வருசத்தில் ஒரு பின்னேரம் அவளைத் தனியே கேட்டுக்கொண்டு ஊமையாக இருந்திருக்க வேண்டுமா? வாசிக்கிற உங்களிலும் யாருக்காவது, இல்லாமல் போன ஒருவருடைய குரல் ஏதோ ஒரு வேலையின் நடுவில் மட்டும் வந்து போகலாம். மா இடிக்கும்போதோ, தண்ணீர் அள்ளும்போதோ, தைக்கும்போதோ. அதை நீங்கள் பிறருக்குப் பாடிக் காட்டினீர்களா? காட்டினபிறகு அது நின்றதா, போனதா? ஒரு வரி போதும். தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.